‘நாலு கலர்’ வீடு மாறிய வாரம்

வலைப்பதிவு தொடங்க நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை. நல்ல தளம் பார்த்தால் போதும்.

மல்லாங்கிணற்றிலிருந்து வெள்ளைத்துரை என்ற தம்பி எனக்கு இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடுகிறாராம். வேலை கிடைக்கிற வரைக்கும் தமிழுக்குத் தொண்டு செய்யலாம் என்று முடிவெடுத்திருக்கிறார். முதல் கேள்வி, வலைப்பதிவு தொடங்க எந்தத் தளம் நல்லது, அதை எப்படிப் பராமரிப்பது? இரண்டாவது, அவ்வளவு பேர் படித்துக்கொண்டிருந்த ‘நாலு கலர்’ பதிவை நீங்கள் ஏன் நிறுத்திவிட்டீர்கள்? தனித்தனியாகப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். முதல் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னாலே இரண்டாவதற்கும் பதில் வந்துவிடும் என்று இப்போது தெரிகிறது.

என்னைத் தெரியாதவர்களுக்காக: என் பெயர் சீனிவாசகம். சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் வடிவமைப்பாளன். பட்டாசுப் பெட்டிகளின் மேல் சிரித்துக்கொண்டிருக்கும் குழந்தை, புலி, விண்கலம், யாரென்று அடையாளம் தெரியாத நடிகை எல்லாம் என் கைவண்ணம். பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் எச்சரிக்கை என்று நாலு வரி இருக்குமே, அதுவும் நான் கோத்ததுதான். இத்தனை வருடத்தில் அதை ஒருவரும் படித்ததாகச் சொன்னதில்லை. யாராவது படிக்கிற மாதிரி ஒன்று எழுத வேண்டும் என்ற ஆசை எனக்கு அங்கேதான் பிறந்தது.

2003 வாக்கில் ஓர் இலவச இணையப் பக்கத்தில் தொடங்கினேன். அப்போது யூனிகோடு பரவலாகவில்லை. படிக்க வருகிறவர் முதலில் என் எழுத்துருவை இறக்கித் தன் கணினியில் நிறுவிக்கொள்ள வேண்டும். பந்திக்கு வருகிறவரிடம் இலையை நீங்களே அறுத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்வது மாதிரி. நிறுவாதவர்களுக்கு என் கவிதைகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. ‘புதிய வடிவம், பிரமாதம்’ என்று ஒருவர் பாராட்டி மின்னஞ்சல் அனுப்பினார். அவருக்கு நன்றி சொல்லிவிட்டேன்.

பிறகு எல்லோரும் போகிற வழியில் இலவச வலைப்பதிவுச் சேவைக்குப் போனேன். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்த்தேன். முகவரியின் வாலில் எப்போதும் அவர்கள் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தின் தோற்றத்தை மாற்றினால் பின்னூட்டங்கள் காணாமல் போகும். பின்னூட்டம் என்பது வாசகர் நம் இடுகைக்குக் கீழே எழுதிவிட்டுப் போகும் கருத்து. வலைப்பதிவருக்கு அது மொய் மாதிரி. நாம் போய் வைத்தால்தான் அவர்கள் வந்து வைப்பார்கள். ‘அருமை’, ‘உள்ளேன் ஐயா’ என்று ஊர் ஊராகப் போய் நான் வைத்த மொய் கொஞ்சநஞ்சமல்ல.

தமிழில் எழுதப்படும் பதிவுகளை எல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாகக் காட்டும் திரட்டி ஒன்று இருந்தது. பின்னூட்டம் கூடினால் நம் இடுகையைச் ‘சூடானது’ என்று ஓரத்தில் தனியாக நிறுத்தும். அந்த ஓரத்தில் என் பெயரை முதன்முதலில் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கல்யாணத்தன்றுகூட நன்றாகச் சாப்பிட்டவன் நான்.

இங்கே ஓர் அனுபவக் குறிப்பு. எங்கள் பக்கம் பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன்கள் உண்டு. அதில் ஆட்களோடு வெடிமருந்து மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு போவதைப் படம் பிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை இடுகையாகப் போட்டேன். மறுநாள் காலையில் விஸ்வநத்தம் சாலையில் ஆட்கள் நின்று வேன்களை மறித்து மூட்டைகளை இறக்கினார்கள். இந்த வட்டாரத்துக்குப் பொறுப்பான ஓர் அதிகாரி என் பதிவை விடாமல் படிப்பவராம். ‘தகவலுக்கு நன்றி. இதுபோல் இருந்தால் எழுதுங்கள். ஞாயிறு என்றாலும் பார்ப்பேன்’ என்று அவரே பின்னூட்டத்தில் எழுதியிருந்தார். அந்த இடுகைக்கு வந்தவை மொத்தமே மூன்று பின்னூட்டம். ஒன்று அவருடையது, ஒன்று அவருக்கு நான் சொன்ன நன்றி. அதே வாரம் விருதுநகர் எண்ணெய் புரோட்டாவைப் பற்றி எழுதியதற்கு நூற்றுச் சொச்சம் வந்தது.

எனவே தம்பி, வார விடுமுறையில் எதையும் போடாதீர்கள். தமிழ்ப் பதிவுகளைத் தமிழர்கள் அலுவலகத்தில், சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் படிக்கிறார்கள். சனி, ஞாயிறு அவர்களுக்குக் குடும்பம் இருக்கிறது.

2008இல் தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது திரட்டியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. வாரம் ஒருவரை நட்சத்திரப் பதிவர் என்று தேர்ந்தெடுத்து, அந்த வாரம் முழுக்க அவருடைய இடுகைகளை முகப்பின் உச்சியிலேயே வைப்பார்கள். வருகிற திங்கள் முதல் நான் நட்சத்திரம். மனைவியிடம் சொன்னேன். ‘அங்கன போயும் வாடகை வீட்டுலதான் இருப்பீகளா?’ என்று அவள் கேட்டது வேறு எதையோ மனதில் வைத்து. ஆனால் எனக்கு அது உறைத்தது. நட்சத்திரமாகும்போது சொந்த வீட்டில் இருக்க வேண்டும். சொந்தப் பெயரில் முகவரி வாங்கி, வழங்கி என்கிற சர்வரில் இடம் பிடித்து, புதிய மென்பொருளில் பதிவைக் குடியேற்றுவது என்று முடிவு செய்தேன்.

இதில் எனக்கு உதவியவர் ரீனா. விருதுநகர்ப் பெண்; மஸ்கட்டில் செவிலியர். பணி நேரம் போக மீதியில் கணினி விவரங்களைத் தானாகவே கற்றுக்கொண்டவர். என் இடுகை எதுவாக இருந்தாலும் முதல் பின்னூட்டம் அவருடையது. பழைய இடுகைகளையும் பின்னூட்டங்களையும் மூட்டை கட்டிப் புதிய இடத்தில் இறக்குவது அவர் பொறுப்பு. ‘சார், சனிக்கிழம மத்தியானத்துக்கு மேல பழைய எடத்துல எதையும் போடாதீங்க. போட்டா அது புது எடத்துக்கு வராது. முகவரி மாறி எல்லா ஊருக்கும் தெரிய ரெண்டு நாளாகும். அதுவரைக்கும் சில பேருக்குப் பழைய வீடு தெரியும், சில பேருக்குப் புது வீடு தெரியும்’ என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்.

தளம் மாறுகிற சமயத்தில் எதுவும் எழுதாமல் இருப்பது நல்லது. ஆனால் விஷயம் நம்மைக் கேட்டுக்கொண்டா வருகிறது? அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மாரித்தாய் வந்தார்.

மாரித்தாய் எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்காரர். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பேன்சி வெடிக் கம்பெனியில் பெட்டி அடைக்கிற வேலை. அவர் மகள் செல்வலட்சுமி பிளஸ் டூ முடித்துவிட்டுச் சீசனுக்காக அதே கம்பெனியில் மருந்து அடைக்கிற ரூமில் சேர்ந்திருந்தாள். இருவரும் வேனிலிருந்து இறங்கி, கைகால் கழுவக்கூட வீட்டுக்குப் போகாமல் நேராக என்னிடம் வந்திருந்தார்கள். கை முழுக்க வெள்ளிப் பொடி.

“அண்ணாச்சி, வேன்ல மூட்ட ஏத்துறத எளுதி நிறுத்துனீகல்ல, அது கணக்கா இதையும் எளுதணும்” என்றார் மாரித்தாய்.

“உக்காருங்க. என்ன விசயம்?”

“சாயந்தரம் மிச்சமாகுற மருந்த அன்னன்னைக்கு அளிச்சிரணும்ல. ஆர்டர் சாஸ்தியா இருக்கு, திங்கக்கெளம காலைல அதையே எடுத்துக்கிடலாம்னு போர்மேன் லட்சுமிகாந்தம் அப்படியே ரூமுக்குள்ள வச்சு, சாக்கப் போட்டு மூடச் சொல்லிட்டாரு. நேத்து பேஞ்ச மளைல அந்த ரூமு ஒளுகியிருக்கு. தரையெல்லாம் ஓதம். கலந்த மருந்து நனஞ்சு கெடக்கு அண்ணாச்சி.”

செல்வலட்சுமி நாற்காலியில் உட்காரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “சாக்கு மேல கைய வச்சுப் பாத்தேன் சார். சுடுது. காய்ச்சக்காரன் நெத்தி கணக்கா. நாலு பேரு இருக்க வேண்டிய ரூமு அது. பதினோரு பேரு இருக்கோம்.”

அலுமினியப் பவுடர் கலந்த மருந்து நனைந்தால் தானாகச் சூடேறும், சூடேறினால் என்ன ஆகும் என்பதெல்லாம் இந்த வட்டாரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று பின்னால் யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

“ஆபீசுல நேரா சொன்னா என்ன?” என்று கேட்டேன்.

“சொன்னா மறுநா வேன் நிக்காது அண்ணாச்சி.”

எங்கள் பக்கம் யாரையும் வேலையை விட்டு நீக்குகிற பழக்கம் கிடையாது. அதற்கெல்லாம் காகிதம் வேண்டும். வேன் நிற்காமல் போய்விடும், அவ்வளவுதான். புகார் சொன்னவர் டிபன் வாளியோடு நிற்பார். ஓட்டுநர் அவரைப் பார்க்காமல் வேகத்தைக் கூட்டுவார். மறுநாளிலிருந்து மற்றக் கம்பெனி வேன்களுக்கும் அந்த ஆள் கண்ணுக்குத் தெரியமாட்டார். சொன்னவர் பெயர் வெளியே தெரியாமல் எழுதும் ஒரு பதிவுக்குத்தான் அப்படிப்பட்டவர்கள் வர வேண்டியிருக்கிறது. வலைப்பதிவின் சமூக முக்கியத்துவம் என்று மேடைகளில் பேசுகிறோமே, அது இதுதான்.

உட்கார்ந்து எழுதினேன். சொல்லக்கூடாதுதான், ஆனாலும் உண்மை: நான் எழுதியவற்றிலேயே அது போல் ஒன்று அமைந்ததில்லை. காய்ச்சல்காரன் நெற்றியை அப்படியே தலைப்பில் வைத்தேன். கம்பெனி இருக்கிற இடம், ரூம் எண், போர்மேன் சொன்னது எல்லாம் வந்துவிட்டது. புதிய மென்பொருளில் ‘முன்னோட்டம்’ என்று ஒரு வசதி உண்டு. இடுகையை வெளியிடாமலே, வெளியிட்டால் எப்படித் தெரியுமோ அப்படித் திரையில் காட்டும். மிகவும் பயனுள்ள வசதி. தளம் தேர்ந்தெடுக்கும்போது இது இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். அந்த முன்னோட்டத்தைத் திறந்து, ‘இங்கன பாருங்க’ என்றேன். செல்வலட்சுமி தன் அம்மாவுக்காகச் சத்தமாக வாசித்தாள். நல்ல உச்சரிப்பு. மாரித்தாய் திரையைப் பார்த்துக் கும்பிட்டார்.

“திங்கக்கெளம வேலைக்கு முன்னாடி வந்திருவாகளா அண்ணாச்சி?”

“போன தடவ வந்தாகல்ல?” என்றேன்.

போட்டுவிட்டேன் என்று நான் ஓரிடத்திலும் சொல்லவில்லை. இதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

அவர்கள் போன பிறகு நிதானமாக யோசித்தேன். பழைய தளத்தில் போட்டால், பின்னூட்டங்கள் புதிய வீட்டுக்கு வந்து சேராது. புதிய தளத்தில் போட்டால், பாதிப் பேருக்கு அது இன்னும் தெரியவே தெரியாது. இரண்டும் சரியில்லை. போதாக்குறைக்குச் சனிக்கிழமை. நட்சத்திர வாரத்தின் முதல் இடுகை புதிதாகவும் கனமாகவும் இருக்க வேண்டும் என்பது மரபு. கையில் இப்படி ஒன்று இருக்கும்போது, அதைச் சனிக்கிழமை ஆளில்லாத கடையில் டீ மாதிரி ஆற்றிவிட்டு, திங்கட்கிழமை புரோட்டாவைப் பற்றியா எழுத முடியும்?

ஞாயிற்றுக்கிழமை ரீனா அரட்டைப் பெட்டியில் வந்தார். என்னால் பெருமையை அடக்க முடியவில்லை. இடுகையை அனுப்பிப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு அவர் நடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“சார், இத இன்னும் போடலையா? இப்பவே பழைய எடத்துல போடுங்க. பின்னூட்டத்த எல்லாம் நான் ஒவ்வொண்ணா எடுத்து வைக்கிறேன்” என்று எழுதினார். நான் பதில் எழுதுவதற்குள் அடுத்தது வந்தது. “அதுவும் வேண்டாம்னா அந்த அதிகாரிக்கு ஒரு மெயில் போடுங்க. நேத்து கூட உங்க பதிவுக்கு வந்தாரே.”

ரீனா நல்ல பெண்தான், ஆனால் எழுத்தாளர் அல்ல. அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்பினால் என்ன ஆகும்? அவர் அன்றைக்கே ஆளை அனுப்புவார். சாக்கைத் தூக்கி மருந்தை அழித்துவிடுவார்கள். அதன் பிறகு திங்கட்கிழமை நான் எதைப் பற்றி எழுதுவது? இல்லாத ஆபத்தைப் பற்றியா? ஒரு நாள்தான் நடுவில் இருக்கிறது, அதுவும் விடுமுறை. ரூம் பூட்டிக் கிடக்கிறது. பூட்டிய ரூமில் யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று பதில் போட்டேன். அவர் நம்பிக்கையோடு பணிக்குக் கிளம்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை முகப்புப் படத்துக்கு நிறம் தேர்ந்தெடுப்பதில் கழித்தேன். அச்சுக்கு நாலு நிறம் போதும், திரைக்கு அது சரிப்படாது. மஞ்சளைக் கொஞ்சம் தூக்கினால் எழுத்து மங்குகிறது, குறைத்தால் அழுது வடிகிறது. தளப் பராமரிப்பில் இதெல்லாம் வெளியே தெரியாத உழைப்பு. நடுவில் இடுகையையும் எடுத்து அங்கங்கே மெருகேற்றினேன். திங்கட்கிழமை காலை பத்தரைக்குத் தானாக வெளியாகும்படி நேரம் குறித்து வைத்தேன். சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள் காபி குடித்து முடித்து இருக்கைக்குத் திரும்புகிற நேரம் அது.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் அச்சகத்தின் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

எங்கள் ஊரில் சத்தம் கேட்டதும் யாரும் ஓடமாட்டார்கள். வெளியே வந்து புகை எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். பிறகு, அந்தப் பக்கம் யார் வீட்டு ஆள் வேலைக்குப் போயிருக்கிறது என்று யோசிப்பார்கள். புகை விஸ்வநத்தம் பக்கம். எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

என் முதல் கவலையை மறைக்காமல் சொல்கிறேன். பத்தரைக்கு இடுகை தானாக வெளியாகிவிடும். ‘ஏதாவது நடந்துவிட்டால்’ என்று அதில் ஒரு வாக்கியம் இருந்தது. நடந்த பிறகு அப்படி ஒன்று வெளிவந்தால் பார்க்கிறவர் சிரிக்க மாட்டாரா? முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு விரைந்தேன். எதிரே ஆம்புலன்ஸ்கள் போய்க்கொண்டிருந்தன. ஒதுங்கி வழி விட்டேன். நல்லவேளையாக மின்வெட்டுக்கு இன்னும் நேரமிருந்தது.

புதிய மென்பொருளில் இன்னொரு வசதி. இடுகையின் வெளியீட்டுத் தேதியை நாமே மாற்றிக்கொள்ளலாம். பழைய சேவையிலும் உண்டு, ஆனால் இவ்வளவு சுலபமில்லை. சனிக்கிழமை மாலை என்று தேதியை மாற்றினேன். எழுதியது சனிக்கிழமைதானே? எழுதிய நாளைப் போடுவது எப்படிப் பொய்யாகும்? சிறிய திருத்தங்கள் சிலவற்றைச் செய்து வெளியிட்டேன். பிறகு அதற்கு மேலே புதிதாக ஒரு குட்டி இடுகை: ‘சனிக்கிழமையே சொன்னேன். கேட்பாரில்லை.’ அவ்வளவுதான் எழுதினேன். அதற்கு மேல் எழுதினால் விளம்பரம் தேடுகிற மாதிரி ஆகிவிடும்.

அந்த ரூமில் இருந்தவர்களில் ஆறு பேர் இறந்துபோனார்கள். செல்வலட்சுமி ஆறு பேரில் ஒருத்தி. மாரித்தாய் வேறு கட்டடத்தில் பெட்டி அடைத்துக்கொண்டிருந்ததால் தப்பினார். செய்தி வந்தபோது அழுதேன். நடிப்பில்லை. அழுதுகொண்டேதான் வந்த பின்னூட்டங்களை ஒவ்வொன்றாக அனுமதித்தேன், ஏனென்றால் உடனுக்குடன் அனுமதிக்காவிட்டால் வாசகர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

வந்த கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். திரட்டியில் அன்றைக்கு வேறு எதுவும் ஓடவில்லை. யார் யாரோ இணைப்புக் கொடுத்தார்கள். மறுநாள் செய்தித்தாள்கள் ‘முன்கூட்டியே எச்சரித்த வலைப்பதிவர்’ என்று எழுதின. திங்கட்கிழமை சாயங்காலமே கூட்டம் தாங்காமல் தளம் படுத்துவிட்டது. இடம் வாங்கும்போது மலிவான திட்டத்தைத் தேர்ந்தெடுத்தது என் தப்பு. அந்த இரண்டு மணி நேரத்தில் எத்தனை பேர் வந்து திரும்பிப் போனார்களோ, இன்றைக்கும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். தம்பி, கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

அந்த அதிகாரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எச்சரிக்கை சனிக்கிழமையே வந்திருக்கிறது, இரண்டு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று அவரைக் கேட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கூடத் திறந்து பார்த்தேன், அப்படி ஒன்று அங்கே இல்லை என்று சொன்னாராம். என்னிடம் விளக்கம் கேட்டார்கள். தளம் மாறிய சமயம், அவர் பழைய வீட்டைப் பார்த்திருப்பார் என்று சொன்னேன். தொழில்நுட்ப ரீதியாக மறுக்க முடியாத விளக்கம். அவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். என்னை விடாமல் படித்த வாசகர்; எனக்கும் வருத்தம்தான்.

ரீனா சண்டை எதுவும் போடவில்லை. எந்த இடுகை எப்போது உண்மையில் வெளியானது என்பது வழங்கியின் உள்ளே பதிவாகியிருக்கும், அது அவருக்குத் தெரியும். தளத்தின் கடவுச்சொற்களை எல்லாம் எனக்கு அனுப்பிவிட்டு, கீழே ஒரு வரி எழுதியிருந்தார். “எங்க வார்டுல நெதமும் சாவுதான் சார். ஒரு நாளும் நேரத்த மாத்தி எளுதினது இல்ல.” அதன் பிறகு அவருடைய பின்னூட்டம் வந்ததே இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ரீனா வாயைத் தானே மூடிக்கொண்டார். அந்த வகையில் நன்றி.

மதுரையில் பதிவர் சந்திப்பு நடந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். ‘எழுத்தால் என்ன செய்ய முடியும்’ என்ற தலைப்பில் பேசினேன். எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காத்தார்கள். மௌனத்தின்போது ஒருவருடைய கைப்பேசி சினிமாப் பாட்டுப் பாடியது. அது எனக்கு மிகவும் வேதனையாக இருந்தது. மரியாதை தெரியாத ஜனங்கள்.

இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்த பதிவை ஏன் நிறுத்தினேன் என்பதுதானே இரண்டாவது கேள்வி? மாரித்தாய் வந்தார், அதனால் நிறுத்தினேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சில வாரம் இருக்கும். ஒரு மத்தியானம் தனியாக வந்தார். வேலைக்குப் போவதில்லையாம், வேன் வந்து நிற்கிறது, இவர்தான் ஏறுவதில்லை. வெள்ளிப் பொடி இல்லாத அவர் கைகளை அன்றைக்குத்தான் பார்த்தேன். என் மனைவி கொடுத்த காபியைக் குடிக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“அவ வாசிச்சாளே, அத இன்னொரு தடவ வாசிச்சுக் காட்டுங்க அண்ணாச்சி. எனக்கு வாசிக்கத் தெரியாது.”

திறந்து வாசித்தேன். முழுவதையும் வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்த பிறகும் காத்திருந்தார். பின்னூட்டங்களையும் வாசிக்கவா என்று கேட்டேன். தலையை ஆட்டி மறுத்தார்.

“இம்புட்டுத்தானா?”

“இம்புட்டுத்தான்” என்றேன்.

“கடைசில அவளப் பத்தி வந்துச்சே. திங்கக்கெளம நான் அந்த ரூமுக்குப் போகமாட்டேன்னு அவ சொன்னா. அத நீங்க அப்படியே எளுதியிருந்தீக. தம் பேச்சத் தானே வாசிச்சிட்டு அவ சிரிச்சா.” அவர் குரலில் கோபம் இல்லை. மளிகைச் சாமானில் ஒன்று விட்டுப்போனதைக் கேட்கிற மாதிரி கேட்டார். “அப்புறந்தான ஒங்க போன எடுத்து அவ கையில குடுத்தீக. படம் இல்லாட்டி யாரும் நம்பமாட்டாக, திங்கக்கெளம அதிகாரிக வாறதுக்கு முந்திப் போயி அந்தச் சாக்க ஒரே ஒரு படம் புடிச்சிட்டு ஓடியாந்துருன்னு. அவ சொன்னது எங்க அண்ணாச்சி? அதக் காணமே.”

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நடந்தது அப்படித்தான். போகமாட்டேன் என்று சொன்ன பெண்ணை நான்தான் போகச் சொன்னேன். பத்தரைக்குள் எனக்குப் படம் வேண்டியிருந்தது.

அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. அவர் வலைப்பதிவு வாசகர் அல்ல. காபியைக் குடிக்காமலே எழுந்து போனார். அதற்குப் பிறகு நான் எதை எழுத உட்கார்ந்தாலும், இதில் எது இல்லை என்று கேட்பதற்கு ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. அப்படி எழுத முடியாது, நிறுத்திவிட்டேன்.

உங்களுக்குச் சொன்னால் புரியும், வெள்ளைத்துரை. தளம் எதுவானாலும் சரி, இடுகை நீளமாக இருந்தால் ஒருவரும் கடைசி வரை படிக்க மாட்டார்கள். அவள் சொன்ன அந்த வரியை நீளம் கருதித்தான் எடுத்தேன்.